சொன்னால் என்ன நடக்கும்?

சக மாணவர்களின் சீண்டல், காதல் என்ற பெயரில் நடக்கும் வன்முறை, மனச்சோர்வு ஆகிய மூன்றையும் தனித்தனிச் சிக்கல்களாகவே நாம் பார்த்துப் பழகிவிட்டோம். முதலாவது தலைமையாசிரியரிடமும், இரண்டாவது காவல் நிலையத்துக்கும், மூன்றாவது மனநல மருத்துவரிடமும் போகின்றன. ஆனால், இவை மூன்றும் பல வேளைகளில் ஒரே பிள்ளையின் வாழ்வில் அடுத்தடுத்து நிகழ்பவை. மூன்றையும் வளர்ப்பது மௌனம்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் 2 மாணவர் ஒருவர், உடன் படித்தவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் காயமடைந்தார். சாதியின் பெயரால் தொடர்ந்த சீண்டலால் பள்ளிக்குச் செல்வதையே அவர் நிறுத்தியிருந்தார். அதற்கான காரணத்தை ஆசிரியர்களிடம் தெரிவித்த பிறகுதான் இந்தத் தாக்குதல் நடந்தது. சொன்னால் பாதுகாப்பு கிடைக்காது, ஆபத்தே வரும் என்றுதானே இதைக் கேள்விப்பட்ட மற்ற பிள்ளைகள் நினைத்திருப்பார்கள்? இதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. அதன் பரிந்துரைகள் வகுப்பறையை எட்டினால்தான் பயன்.

இது தமிழகத்தின் கதை மட்டுமன்று. உலகில் மூன்று மாணவர்களில் ஒருவர் சக மாணவர்களின் சீண்டலுக்கு ஆளாவதாக 2019இல் யுனெஸ்கோ கூறியது. காதல் உறவிலோ மண வாழ்விலோ இருந்த 15 முதல் 19 வயதுப் பெண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் துணைவரின் வன்முறையை அனுபவித்திருப்பதாக 2024இல் உலக சுகாதார நிறுவனம் தெரிவித்தது. இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாக தேசிய குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்துள்ளது.

படத்தை வெளியிடுவேன் என்று ஒருவன் மிரட்டும்போது, ஒரு மாணவி அதை வீட்டில் சொல்வாளா? சொன்னால் கைப்பேசி பறிக்கப்படும், படிப்பு நிறுத்தப்படும், திருமணப் பேச்சு தொடங்கும் என்பது அவளுக்குத் தெரியும். மிரட்டுபவனின் பலமும் அந்த அச்சம்தான். சட்டத்திலும் ஒரு சிக்கல் உண்டு. 18 வயதுக்குட்பட்டோர் விரும்பியே பாலுறவு கொண்டிருந்தாலும், அதை அறிந்தவர் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது போக்சோ சட்டம். குழந்தைகளைக் காக்க வந்த இந்த விதியே சில வேளைகளில் ஆலோசகரை நாடுவதற்கும் தயங்க வைக்கிறது.

ஆண் பிள்ளைகளின் நிலையும் மேலன்று. அவர்களிடம் மனச்சோர்வு பெரும்பாலும் அழுகையாக வெளிப்படுவதில்லை. எரிச்சலாக, சரியும் மதிப்பெண்ணாக, பள்ளிக்கு வராமையாக வெளிப்படுகிறது. நாமோ அதைத் திமிர் என்று பெயரிட்டுத் தண்டிக்கிறோம்.

நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் கல்வி நிறுவனங்கள் மனநல ஆலோசகரை நியமிக்க வேண்டும் என 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. அது ஏட்டளவில் நின்றுவிடக் கூடாது. பாடம் நடத்துபவரையே ஆலோசகர் என்று அறிவித்துக் கணக்குக் காட்டினால் பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள். புகார் அளித்தவரின் பெயர் வெளியே கசியாமல் காப்பதும், அவரது பாதுகாப்பைத் தொடர்ந்து கவனிப்பதும் பள்ளியின் பொறுப்பாக வேண்டும். 14416 என்ற இலவச மனநல உதவி எண் ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் இடம்பெற வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது இன்னும் எளிது. பிள்ளை தயங்கித் தயங்கி ஒன்றைச் சொல்ல வரும்போது, "அவனோடு உனக்கு என்ன பேச்சு?" என்பது நம் முதல் கேள்வியாக இருக்கக் கூடாது. "இப்போது உனக்கு ஏதும் ஆபத்து இருக்கிறதா?" என்பதாக இருக்க வேண்டும். அடுத்த முறை அந்தப் பிள்ளை நம்மிடம் வருமா என்பதை அந்த முதல் கேள்விதான் தீர்மானிக்கிறது.