புள்ளியிடும் கை கண்ணீர் துடைக்குமா?

2009இல் முள்ளிவாய்க்காலில் பெற்றோரின் கைபிடித்து ஓடி, செட்டிக்குளம் மெனிக் பாமின் முட்கம்பிகளுக்குள் பாடம் படித்த குழந்தைகளுட் சிலர், இன்று பட்டம் பெற்றுப் பட்டப்பின் படிப்பின் வாசலில் நிற்கின்றனர். வன்னி மண்ணுக்கு இதனினும் பெருமை வேறுண்டோ?

ஆனால், அவர்களுக்கு இந்நாடு அளிப்பது யாது? 1945இல் கன்னங்கரா திறந்த இலவசக் கல்வியின் கதவு முதற் பட்டத்தோடு அடைபடுகிறது. மகாபொல உதவியும் அத்துடன் நின்றுவிடுகிறது. கட்டணங் கட்டப் பகலில் உத்தியோகம், இரவில் ஆராய்ச்சி, உறக்கம் எப்போது?

மனம் சோர்ந்தால் எவரிடம் செல்வது? "மாணவ ஆலோசகரிடம் செல்" என்பர். அவர் யார்? பெரும்பாலும் கற்பிக்கும் விரிவுரையாளரே! அவரை நாம் குறை கூறவில்லை. தன் வழக்கில் தானே நீதிபதியாதல் ஆகாது என்பது சட்டத்தின் அரிச்சுவடி. அவ்வாறே, புள்ளியிடுபவர் முன் எந்த மாணவன் தன் உள்ளப் புண்ணைத் திறந்து காட்டுவான்?

1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகத் தோன்றியது, 2021இல் வவுனியாப் பல்கலைக்கழகமாயிற்று. பெயர்ப்பலகை மாறினாற் போதுமா? கிளிநொச்சி அறிவியல் நகர் மாணவர்க்குஞ் சேர்த்தே கேட்கிறோம்: பரீட்சையோடு தொடர்பற்ற, பயிற்சி பெற்ற, தமிழில் உரையாடும் முழுநேர உளவளத்துணையாளர் வேண்டும். கேட்பது பிச்சையன்று, உரிமை!