கடன் கொடுத்துவிட்டு உரிமை கொடுத்ததாகச் சொல்லாதீர்கள்

பிரிஞ்சாங்கிலிருந்து சுங்கை பாலாஸ் தோட்டத்துக்கு நீங்களும் போயிருப்பீர்கள். தேநீர் குடித்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பியிருப்பீர்கள். கேமரன் மலையில் 1929 முதல் காடு வெட்டித் தேயிலை நட்ட தமிழர்களின் வாரிசுகள் பல்கலைக்கழகத்துக்கு எந்த வழியாகப் போகிறார்கள் என்று எப்போதாவது கேட்டதுண்டா?

எஸ்பிஎம் முடித்தவருக்கு மெட்ரிகுலேஷன் ஓராண்டு. விடுதி உண்டு, உதவிப்பணம் உண்டு. எஸ்டிபிஎம் என்றால் ஒன்றரை ஆண்டு. 2019இல் அமைச்சரவை மெட்ரிகுலேஷன் இடங்களை 25,000இலிருந்து 40,000ஆக உயர்த்தியது. ஆனால் 90:10 பங்கீட்டில் கைவைக்கவில்லை. பூமிபுத்ரா அல்லாதார் குடிமக்களில் ஏறத்தாழ 30 விழுக்காடு. அந்தப் பத்துக்குள்தான் சீனரும் நாமும் முட்டிமோத வேண்டும். 2024இல் 10ஏ எடுத்தால் இனம் பாராமல் இடம் என்றார் பிரதமர். நல்லது. 8ஏ எடுத்த தோட்டத்துப் பிள்ளை என்ன செய்வது?

தனியார் கல்லூரிக்குப் போகிறது. அங்கே 1997இல் அமைத்த பிடிபிடிஎன் கடனோடு காத்திருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பட்டப்படிப்புக்கு 60,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஒரு சென்கூடச் செலவழிக்காமல் அப்பா சேர்த்தாலும் ஏறக்குறைய மூன்று ஆண்டு ஆகும். ஒரு சதவீதக் கட்டணம்தானே என்பார்கள். ஒன்றோ நாலோ, அரசு கதவை அடைத்ததற்கான விலையை நம் பிள்ளை ஏன் கட்ட வேண்டும்?

சட்டத்துக்கு வருகிறேன். அரசுக் கல்விக்கூடங்களில் சேர்ப்பதிலும் அரசுப் பணத்தில் மாணவருக்கு உதவுவதிலும் இனப் பாகுபாடு கூடாது என்கிறது அரசமைப்பின் 12ஆவது விதி. 153 விதிவிலக்குத் தருகிறது, மறுக்கவில்லை. ஆனால் அது பேசுவது 'நியாயமான' பங்கைப் பற்றி. 1971இல் சேர்த்த 8ஏ உட்பிரிவும் அதே அளவுகோலைத்தான் வைக்கிறது. 90 என்ற எண் அரசமைப்பில் எங்குமே இல்லை! 153ஐக் காட்டி மிரட்டுகிறவர்கள் முதலில் அதைப் படிக்கட்டும். அது செயல்படுத்தப்படும் விதத்தைக் கேள்வி கேட்க 10(4) நமக்கு இடம் விட்டிருக்கிறது. இதைக்கூட நம் தலைவர்கள் எத்தனை பேர் தோட்டத்தில் வந்து சொன்னார்கள்? தேர்தலுக்குத் தேர்தல் அரிசி மூட்டையோடு வரத் தெரிகிறது.

உங்கள் லயத்தில் இடம் மறுக்கப்பட்ட பிள்ளை இருந்தால் எஸ்பிஎம் முடிவையும் மறுப்புப் பதிலையும் நகலெடுத்து வையுங்கள். மேல்முறையீட்டுத் தேதியைத் தவற விடாதீர்கள். பெற்றோரின் சம்பளச் சீட்டும் தேவைப்படும். சத்தியப் பிரமாணம் எழுதித் தர நாங்கள் இருக்கிறோம், காசு வாங்கமாட்டோம்.