சான்றிதழ் சாட்சியாகுமா?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தின் டலஸ் நகரைத் தளமாகக் கொண்ட ஏல நிறுவனமான ஹெரிட்டேஜ், 2024 ஓகஸ்ட் மாதத்தில் பழைய சட்டையொன்றை 2 கோடியே 41 இலட்சத்து 20 ஆயிரம் டொலருக்கு விற்பனை செய்தது. பேஸ்போல் விளையாட்டின் ஈடிணையற்ற வீரராகக் கருதப்படும் பேப் ரூத், 1932 ஆம் ஆண்டின் வேர்ல்ட் சீரிஸ் இறுதித் தொடரில் நியூயோர்க் யாங்கீஸ் அணிக்காக அணிந்த சாம்பல்நிறச் சட்டை அது. இதே சட்டை 2005 ஆம் ஆண்டில் 9 இலட்சத்து 40 ஆயிரம் டொலருக்கு விற்கப்பட்டிருந்தது. 19 வருடங்களில் அதன் விலை 25 மடங்குக்கும் மேலாக உயர்ந்திருக்கிறது.

விளையாட்டு நினைவுப்பொருட்களின் சந்தை இடைப்பட்ட காலத்தில் பெருமளவு வீங்கியது என்பது உண்மையே. ஆனால், அது மாத்திரம் காரணமல்ல. ரூத் அணிந்த ஏதோவொரு சட்டை என்பதற்கும் குறிப்பிட்ட அந்த நாளில், குறிப்பிட்ட அந்தப் போட்டியில் அணிந்த சட்டை என்பதற்கும் இடையிலான தூரத்தைப் பழைய புகைப்படங்களின் துணையுடன் கடந்துவிட்டதாக நிபுணர்கள் கூறியதே பிரதான காரணம். துணி மாறவில்லை, அதைப் பற்றிய சாட்சியமே மாறியது.

அந்த நாள் 1932 ஒக்டோபர் 1. சிக்காகோவின் ரிக்லி மைதானத்தில் தொடரின் மூன்றாவது போட்டி நடைபெற்றது. எதிரணியினரின் ஏளனக் கூச்சலுக்கு மத்தியில், ஐந்தாவது இன்னிங்ஸில் ரூத் கையை நீட்டி ஏதோ சைகை செய்தார். பிறகு சார்ளி ரூட் வீசிய பந்தை மைதானத்துக்கு அப்பால் அடித்தார். பந்தை எங்கே அனுப்பப்போகிறார் என்பதை அவர் முன்கூட்டியே சுட்டிக்காட்டினாரா அல்லது எதிரணியினருக்குப் பதிலடியாக விரலை ஆட்டினாரா என்ற விவாதம் இன்றுவரை முடிவுக்கு வரவில்லை. ரசிகர் ஒருவர் எடுத்த சலனப்படம் கூட முடிவான பதிலைத் தரவில்லை. சட்டையை நிரூபித்துவிட்டதாகக் கூறுகிறார்கள். அதற்கு இவ்வளவு மதிப்பைக் கொடுத்த சம்பவத்தையோ இன்னமும் நிரூபிக்க முடியவில்லை. வரலாற்றின் விசித்திரங்களில் இதுவும் ஒன்று.

புகைப்பட ஒப்பீடு என்பது மந்திரமல்ல. கையால் வெட்டித் தைக்கப்பட்ட எந்த இரு சட்டைகளும் முற்றிலும் ஒரேமாதிரி இருப்பதில்லை. மார்பிலுள்ள எழுத்தின் நுனி பொத்தானில் இருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, முதுகிலுள்ள இலக்கம் எந்தப் பக்கம் சற்றுச் சரிந்திருக்கிறது, கோடு போட்ட சட்டையானால் மூட்டுத் தையலில் கோடுகள் எந்த இடத்தில் சந்திக்கின்றன என்பவற்றை, திகதி உறுதிசெய்யப்பட்ட புகைப்படத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். இங்கே 'திகதி உறுதிசெய்யப்பட்ட' என்ற சொற்களே முக்கியமானவை. பத்திரிகை அலுவலகங்களில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற வகையில் எனக்கு இது நன்கு விளங்கும். பின்புறத்தில் நாளும் இடமும் குறிக்கப்படாத புகைப்படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆவணமாகாது. எங்கோ ஒரு பத்திரிகை நிலையத்தில் பெயர் தெரியாத உதவியாசிரியர் ஒருவர் எழுதிவைத்த இரண்டு வரிக் குறிப்பு, பல தசாப்தங்களுக்குப் பிறகு கோடிக்கணக்கான டொலர்களைத் தீர்மானிக்கிறது.

அந்தக் காலத்தில் இந்தச் சட்டைகளை எவரும் பொக்கிஷமாகக் கருதவில்லை. பருவகாலம் முடிந்ததும் அவை கீழ்நிலை அணிகளுக்கு அனுப்பப்பட்டன. பெயர்களும் இலக்கங்களும் பிரித்தெடுக்கப்பட்டு வேறு இலக்கங்கள் தைக்கப்பட்டன. கிழியும்வரை இளம் வீரர்கள் அணிந்தார்கள். எனவே, உண்மையான பழைய சட்டைகள் பலவற்றில் பின்னர் செய்யப்பட்ட மாற்றங்கள் இருக்கும். பழுதின்றிப் புத்தம்புதிதாக இருக்கும் பழைய சட்டையே பெரும்பாலும் ஐயத்துக்குரியது.

போலியைக் கண்டறிவதற்கு வரலாறு சில அளவுகோல்களைத் தந்திருக்கிறது. யாங்கீஸ் வீரர்கள் 1929 ஆம் ஆண்டிலிருந்தே முதுகில் நிரந்தர இலக்கத்துடன் விளையாடினார்கள். மூன்றாவதாகத் துடுப்பெடுத்தாடிய ரூத்துக்கு 3 ஆம் இலக்கமும் நான்காவதாக வந்த லூ கெஹ்ரிக்குக்கு 4 ஆம் இலக்கமும் கிடைத்தன. முதுகில் பெயர் பொறிக்கும் வழக்கத்தை 1960 ஆம் ஆண்டில் சிக்காகோ வைற் சொக்ஸ் அணி ஆரம்பித்துவைத்தது. கம்பளி பிளனல் துணியைக் கைவிட்டு செயற்கை இழைப் பின்னல் சட்டைக்கு 1970 ஆம் ஆண்டில் பிற்ஸ்பேர்க் அணி மாறியது. மற்றைய அணிகளும் சில வருடங்களில் பின்தொடர்ந்தன. புறஊதா ஒளியில் பளிச்சென்று ஒளிரும் நூல் போருக்குப் பிந்திய காலத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம். ஆனால், பழைய சட்டையைப் பிற்காலத்துச் சலவைத்தூளில் தோய்த்தாலும் அது ஒளிரும். ஒரு சோதனையை மாத்திரம் நம்பித் தீர்ப்பு வழங்கமுடியாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

கூப்பர்ஸ்ரவுணில் உள்ள பேஸ்போல் அருங்காட்சியகமே ஒரு தடவை ஏமாந்தது. 1919 ஆம் ஆண்டின் சூதாட்ட ஊழலையடுத்துத் தடைவிதிக்கப்பட்ட 'ஷூலெஸ்' ஜோ ஜாக்சனின் சட்டை என்று கூறப்பட்ட ஒன்று, பெயர்பெற்ற சேகரிப்பாளர் ஒருவரிடமிருந்து பெறப்பட்டு அங்கு சென்றடைந்தது. குடும்பத்தவரிடமிருந்து நேரடியாகக் கிடைத்தது என்ற கதையும் கூடவே வந்தது. ஆனால், அதிலிருந்த அணிச் சின்னத்தில் 1940 களுக்கு முன்னர் புழக்கத்தில் இல்லாத அக்ரிலிக் கலந்திருப்பதைப் பின்னர் இரசாயனப் பரிசோதனை காட்டிக்கொடுத்தது. கதையை நம்பியவர்கள் முட்டாள்கள் அல்லர். கதை சொன்னவரின் புகழே அவர்களுக்குச் சான்றாகப் போய்விட்டது.

நினைவுப்பொருட்களின் மீதான நம்பிக்கையையே உலுக்கிய விவகாரம் 1990 களில் வெளிவந்தது. சான் டியேகோ அணியின் நட்சத்திர வீரர் ரொனி குவின், தனது கையெழுத்தின் போலிகள் தனது சொந்த அணியின் கடையிலேயே விற்பனைக்கு வைக்கப்பட்டிருப்பதைக் கண்டார். எவ்.பி.ஐ. 'புல்பென்' என்ற பெயரில் நடத்திய விசாரணை பெரும் போலிக் கையெழுத்து வலையமைப்பொன்றை அம்பலப்படுத்தியது. அந்தப் போலிகளில் பெரும்பாலானவை வெறுங்கையுடன் வரவில்லை. நம்பகத்தன்மைச் சான்றிதழ்களுடனேயே வந்தன. பந்தைப் போலியாகச் செய்யத் தெரிந்தவனுக்குக் காகிதத்தைப் போலியாகச் செய்வதா கடினம்?

அந்த அனுபவத்தின் விளைவாக மேஜர் லீக் பேஸ்போல் 2001 ஆம் ஆண்டில் தனது சொந்த அத்தாட்சித் திட்டத்தை ஆரம்பித்தது. ஒவ்வொரு போட்டியிலும் அத்தாட்சியாளர் ஒருவராவது மைதானத்தில் இருப்பார். பெரும்பாலும் காவல்துறையில் பணியாற்றும் அல்லது பணியாற்றி ஓய்வுபெற்றவர்களே இந்த வேலைக்கு அமர்த்தப்படுகிறார்கள். அவர்கள் கண்ணால் கண்ட பொருளில் மாத்திரமே தனி இலக்கத்துடன் கூடிய ஹொலோகிராம் ஒட்டப்படும். அதை உரித்தெடுத்து வேறொன்றில் ஒட்டமுடியாது. அந்த இலக்கத்தை எவரும் இணையத்தில் சரிபார்க்கலாம். அவர்களின் பார்வையில் இருந்து ஒரு தடவை விலகிய பொருளுக்கு, வீரரே வந்து சத்தியம் செய்தாலும் அத்தாட்சி கிடைப்பதில்லை. இந்தக் கண்டிப்பே திட்டத்தின் பலம்.

பழைய சட்டைகளுக்கு அத்தகைய சாட்சி இல்லை என்பதனால் நிபுணரின் கருத்தே எஞ்சுகிறது. கருத்துக்கும் சாட்சியத்துக்கும் இடையிலான வேறுபாட்டை மறைத்து வியாபாரம் செய்வதையே நான் ஆட்சேபிக்கிறேன். பெரும்பாலான தருணங்களில் நிபுணருக்குக் கட்டணம் செலுத்துபவர் பொருளை விற்கப்போகிறவரே. ஆம் என்ற பதிலால் சட்டையின் விலை பன்மடங்காகப் பெருகும். இல்லை என்ற பதில் எவருக்கும் தெரியாமல் இழுப்பறைக்குள் போய்விடும். ஒரு நிபுணர் நிராகரித்த சட்டை இன்னொருவரிடம் சென்று அங்கீகாரம் பெற்றால், முதலாவது நிராகரிப்பைப் பற்றி அறியும் உரிமை வாங்குபவருக்கு இல்லையா? ஒப்பிடப்பட்ட புகைப்படங்களையும், பொருந்திய அடையாளங்களையும், பொருந்தாதவற்றையும் கூட, பகிரங்கமாக முன்வைக்கும் அறிக்கையே மதிப்புக்குரியது. 'எமது கருத்தின்படி இது அசலானது' என்ற ஒற்றை வசனத்துடன் வரும் கடதாசி, அழகாக அச்சிடப்பட்ட வதந்தி என்பதற்கு மேல் எதுவுமில்லை.

கோடீஸ்வரர்கள் ஏமாறுவதைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. அவர்களுக்கு வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். தனது இளமைக்கால நாயகனின் சட்டையை ஓய்வூதியப் பணத்தில் வாங்கும் சாதாரண ரசிகரே இந்தச் சந்தையின் உண்மையான பலியாள். அவர் வாங்குவது துணியை அல்ல. தந்தையுடன் மைதானத்தில் அமர்ந்திருந்த ஒரு பிற்பகலின் ஞாபகத்தை. அந்த ஞாபகத்துக்கு எவரும் சான்றிதழ் தரவேண்டியதில்லை. ஆனால், அதன் பெயரில் விற்கப்படும் சட்டை எந்தெந்தக் கைகளைக் கடந்துவந்தது என்று கேட்பதற்கு அவர் தயங்கவும் கூடாது. பதில் சொல்லமுடியாத விற்பனையாளர் காட்டும் சான்றிதழை எவ்வளவு பெரிய நிறுவனம் கொடுத்திருந்தாலும், பணத்தைச் சட்டைப்பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டு நடப்பதே விவேகம்.