சனிக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம்!

பிள்ளைகள் மெல்போர்னில் இருக்கிறார்கள் என்று ஆசையாகக் கிளம்பிப் போகும் பெற்றோர் பலருக்கும் அங்கே ஒரே கதைதான். திங்கள் முதல் வெள்ளி வரை வீட்டில் ஆள் இருக்காது. ஜன்னல் வழியே வெறிச்சோடிய தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கேட்டால், ‘சனிக்கிழமை காரில் கூட்டிப் போறோம்ப்பா’ என்பார்கள். மூன்று மாதம் தங்கினால் மொத்தம் 13 சனிக்கிழமைதான். அதிலும் சில மழையில் போய்விடும்.

உண்மையில், மெல்போர்ன் கார் இல்லாமலே சுற்றக்கூடிய ஊர். நகரின் மையப்பகுதிக்குள் 2015 முதல் டிராம் இலவசம். எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். வீட்டிலிருந்து ரயிலில் நகருக்கு வர மட்டும் ‘மைக்கி’ கார்டு வேண்டும். செவன் லெவன் கடைகளில் கிடைக்கும். ஃபிளிண்டர்ஸ் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் இறங்கிக்கொள்ளுங்கள். அதன் வாசல் கடிகாரங்களுக்குக் கீழே சந்திப்பதுதான் ஊர் வழக்கம்.

எங்கே போகலாம்?

ஸ்டேட் லைப்ரரி: ஸ்வான்ஸ்டன் தெருவில் இருக்கிறது. 1913-ல் திறந்த எண்கோண வாசிப்புக் கூடமும் அதன் உயரமான குவிமாடமும் பார்க்க வேண்டியவை. அனுமதி இலவசம். உட்கார இடம், கழிவறை எல்லாம் உண்டு.

குயின் விக்டோரியா மார்க்கெட்: 1878 முதல் நடக்கும் சந்தை. காய்கறி, பழம், துணிமணி என்று எல்லாம் கிடைக்கும். கூவிக் கூவி விற்பார்கள். சூடான ஜாம் டோநட்டை விட்டுவிடாதீர்கள். திங்கள், புதன் விடுமுறை.

விக்டோரியா தேசியக் கலைக்கூடம்: ஸ்டேஷனிலிருந்து பாலத்தைக் கடந்து கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். வாசலில் கண்ணாடிச் சுவரில் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். உள்ளே பெரிய கூடத்தின் கூரை முழுக்க வண்ணக் கண்ணாடி. தரையில் படுத்துக்கொண்டுதான் அதை ரசிக்கிறார்கள். நீங்களும் படுக்கலாம், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்! சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டும் கட்டணம். இன்னும் நடக்க முடிந்தால் அதே பக்கம் தாவரவியல் பூங்கா. 1846-ல் தொடங்கியது, அதுவும் இலவசம்.

ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். நம்ம ஊரில் வெயில் கொளுத்தும் மே மாதத்தில் அங்கே குளிர் தொடங்கிவிடும். ஜூனில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும், அதற்குள் வீடு திரும்பிவிடுங்கள். காலையில் வெயில், மதியம் மழை என்று ஒரே நாளில் மாறும் ஊர் என்பதால் ஸ்வெட்டரும் குடையும் கையில் இருக்கட்டும்.

காரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலையும், பெல்கிரேவிலிருந்து மலைக்காட்டுக்குள் போகும் ‘பஃபிங் பில்லி’ நீராவி ரயிலையும் சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பேரன் பேத்தியோடு போனால்தான் அவை ருசிக்கும்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஒரே ஒரு ஞாயிறு, அப்பா அம்மாவோடு ரயிலில் போய் வழியைக் காட்டிவிடுங்கள். உள்ளூர் சிம் ஒன்று வாங்கிக் கொடுங்கள். வீட்டு முகவரியை ஒரு சீட்டில் எழுதி, கார்டோடு சேர்த்து வைத்துவிடுங்கள். மறுநாள் நீங்கள் வேலை முடிந்து வரும்போது, ‘இன்னிக்கு நாங்க எங்க போனோம் தெரியுமா?’ என்று அவர்கள் கேட்கட்டும்!