மெனக்கெடாத பாரிஸ் அழகியும் சில கேள்விகளும்

'பிரெஞ்சுப் பெண்கள் ஏன் இவ்வளவு அழகா உடுத்தறாங்க? பத்து ரகசியங்கள்!' இந்த மாதிரி ஒரு கட்டுரையாவது உங்க கண்ணுல பட்டிருக்கும். முன்னாடி ஃபார்வர்ட் மெயிலா வந்துச்சு, இப்போ ரீல்ஸா வருது. சரக்கு என்னவோ அதேதான். கோடு போட்ட பனியன், லேசா கசங்கின வெள்ளைச் சட்டை, ஜீன்ஸ், தட்டையான பாலே ஷூ, கழுத்துல ஒரு ஸ்கார்ஃப், சீவாத மாதிரியே சீவின முடி. கடைசியில தவறாம ஒரு வரி: "அவங்க இதுக்கெல்லாம் மெனக்கெடறதே இல்லை. அது அவங்க ரத்தத்துலேயே இருக்கு."

இந்தக் கடைசி வரியோடதான் என் சண்டை. பனியனோட எனக்கு ஒரு பகையும் கிடையாது :-)

முதல்ல நியாயமா ஒண்ணைச் சொல்லிடறேன். அந்த அழகு பாரிஸ் தெருவுல நிஜமாவே இருக்கு. கருநீலம், கறுப்பு, சாம்பல், பழுப்புன்னு நாலு நிறத்துக்குள்ள வேலையை முடிச்சுடறாங்க. கோட்டு தோள்ல சரியா உட்கார்ந்திருக்கும். பிராண்ட் பேரு கண்ணைக் குத்தாது. ஒரே கோட்டை வருஷக்கணக்கா போடறதுல வெட்கப்பட மாட்டாங்க. நல்ல விஷயம்தான். யார் வேணும்னாலும் கத்துக்கலாம். ஆனா 'கத்துக்கலாம்'னு சொல்ற இடத்துல 'பிறவியிலேயே வரணும்'னு சொல்றாங்க பாருங்க, அங்கதான் உதைக்குது.

சரி, ரத்தத்துல இருக்குன்னா அந்த ரத்தத்தை ஒரு டெஸ்ட் பண்ணிப் பார்த்துடுவோம்.

கோடு போட்ட பனியன்: 1858 மார்ச் 27-ம் தேதி பிரெஞ்சுக் கடற்படை உத்தரவுல வந்த மாலுமி யூனிஃபார்ம். உடம்புப் பகுதியில 21 வெள்ளைக் கோடு இருக்கணும்னு எண்ணிச் சொன்ன அரசாங்க உடை. டிரெஞ்ச் கோட்டு: முதல் உலகப்போர்ல பதுங்குகுழியில நின்ன பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளோடது (டிரெஞ்ச்னா பதுங்குகுழி. பிரெஞ்சு இல்லைங்க, டிரெஞ்ச்!). ஜீன்ஸ் அமெரிக்கத் தொழிலாளிகளோடது. பாலே ஷூ மட்டும் சொந்தச் சரக்கு, 1956-ல் ரோஸ் ரெப்பெட்டோ நடிகை பிரிஜித் பார்தோவுக்காகச் செஞ்சு கொடுத்தது.

இந்த ஸ்டைலுக்கே குலதெய்வம் மாதிரி காட்டுவாங்களே ஜேன் பிர்கின், அவங்க லண்டன்ல பொறந்த இங்கிலீஷ்காரம்மா! கையில பிரம்புக்கூடையைத் தூக்கிக்கிட்டு அவங்க சுத்தினதைத்தான் பாரிஸோட மெனக்கெடாத அழகுன்னு உலகமே கொண்டாடுச்சு. 1980-களில் எர்மெஸ் கம்பெனி அவங்க பேர்ல ஒரு தோல் பை கொண்டுவந்துச்சு. அவங்களுக்குன்னு செஞ்ச அந்த முதல் பை 2025 ஜூலையில பாரிஸ்ல ஏலத்துக்கு வந்தது. போன விலை 86 லட்சம் யூரோ. பிரம்புக்கூடையில ஆரம்பிச்ச எளிமை எங்க வந்து நிக்குது பாருங்க.

அடுத்த டயலாக்: "அவங்க ஊரைப் பத்திக் கவலைப்படாம தனக்குப் பிடிச்சதைப் போடறாங்க." அப்படியா? 1800 நவம்பர்ல பாரிஸ் போலீஸ் ஒரு உத்தரவு போட்டுச்சு. எந்தப் பொம்பளையாவது ஆம்பளை மாதிரி உடுத்தணும்னா போலீஸ் தலைமையகத்துல அனுமதி வாங்கணும். 1892-லயும் 1909-லயும் பெரிய மனசு பண்ணி ஒரு சலுகை கொடுத்தாங்க: கையில சைக்கிள் ஹேண்டில்பாரோ குதிரைக் கடிவாளமோ இருந்தா பேண்ட் போட்டுக்கலாம்! நடைமுறையில எப்பவோ செத்துப்போன உத்தரவுதான். ஆனா அது இனிமே செல்லாதுன்னு அரசாங்கத் தரப்புல ஒரு அமைச்சர் எழுத்துல சொன்னது 2013 ஜனவரியில. இந்தப் பக்கம் 2004-ல் அரசுப் பள்ளிகள்ல முக்காடு கூடாதுன்னு சட்டம். 2023-ல் அபாயாவும் கூடாதுன்னு உத்தரவு. மதச்சார்பின்மைன்னு காரணம் சொல்றாங்க, அந்த விவாதத்துக்குள்ள நான் இப்போ போகலை. ஆனா பெண்கள் என்ன உடுத்தறாங்கன்னு இருநூறு வருஷத்துக்கு மேல அரசாங்கமே குறிப்பெடுத்துக்கிட்டு இருக்கற ஊர்ல, 'யாரைப் பத்தியும் கவலை இல்லாத ஸ்டைல்'னு சொல்றது கொஞ்சம் ஓவர் இல்லையா?

சரி, இந்த 'ரத்தம்' கதையைச் சொல்றது யாரு? அதைப் பார்த்தா மேட்டர் புரிஞ்சுடும். 2004-ல் 'பிரெஞ்சுப் பெண்களுக்குத் தொப்பை விழாது'ங்கற ரேஞ்சுல தலைப்பு வெச்சு ஒரு புத்தகம் அமெரிக்காவுல சக்கைப்போடு போட்டுச்சு. எழுதின மிரெய் கிலியானோ, அப்போ வெவ் கிளிக்கோ ஷாம்பெய்னோட அமெரிக்க நிறுவனத்துக்குத் தலைவியா இருந்தவங்க. 2010-ல் பாரிஸ் ஸ்டைலுக்கு வழிகாட்டின்னு புத்தகம் போட்ட இனெஸ் ட லா ஃப்ரெஸாஞ், ஒரு காலத்துல ஷனெல் கம்பெனியோட ஒப்பந்த மாடல். 2014-ல் வந்த இன்னொரு வழிகாட்டியை எழுதினவங்கள்ல ஒருத்தர் கரோலின் ட மெக்ரே. அவங்களும் மாடல். உடம்பும் முகமும் உடையுமே தொழிலா இருக்கறவங்க வந்து, 'நாங்க ஒண்ணுமே பண்றதில்லை'ன்னு சொல்றாங்க. நாமளும் தலையாட்டறோம்.

இதுல ஒரு காமெடி கவனிச்சீங்களா? உலகத்துலேயே பெரிய அழகுசாதனக் கம்பெனி லோரெயால். 1909-ல் ஆரம்பிச்ச பிரெஞ்சுக் கம்பெனி. மேக்கப்பே போடாத பெண்களோட நாட்டுல இவ்வளவு கிரீமையும் யார்தான் கண்டுபிடிச்சாங்களோ :-) 2017 அக்டோபர்லேர்ந்து, விளம்பரத்துல மாடலோட உடம்பை கம்ப்யூட்டர்ல இளைக்க வெச்சாலோ குண்டாக்கினாலோ 'திருத்தப்பட்ட படம்'னு போட்டே ஆகணும்னு அங்க சட்டமே இருக்கு. தானா வந்த அழகுக்கு எதுக்குங்க சட்டம்?

நான் பொட்டி தட்டறவ. எங்க தொழில்ல இது பழகின விஷயம். ஸ்கிரீன்ல ஒரே ஒரு பட்டன், சுத்தி வெள்ளை. 'அட, எவ்வளவு சிம்பிள்!'னு கிளையண்ட் சொல்வாரு. அந்த ஒரு பட்டனுக்குப் பின்னாடி எத்தனை ஆயிரம் வரி கோடு, எத்தனை பேரோட ராத்திரித் தூக்கம்னு எங்களுக்குத்தான் தெரியும். சிம்பிளா தெரியறதுதான் இருக்கறதிலேயே காஸ்ட்லி. உடுப்புலயும் அதே கதை. ஜிகினாவும் பூ வேலையும் தப்பான தையலை மறைச்சுடும். அலங்காரமே இல்லாத கறுப்பு கோட்டுல ஒரு நூல் பிசகினாலும் தெரியும். அதனால துணி நல்லதா இருக்கணும், வெட்டு சரியா இருக்கணும், தெச்ச கை பழகின கையா இருக்கணும்.

அந்தக் கைகளைப் பத்தி எந்த 'பத்து ரகசியங்கள்' கட்டுரையாவது பேசியிருக்கா? 1917 மே மாசம், போர் நடந்துக்கிட்டிருக்கும்போதே, பாரிஸ் தையல் கூடங்கள்ல வேலை பார்த்த பெண்கள் ஆயிரக்கணக்குல தெருவுல இறங்கினாங்க. மிதினெத்னு அவங்களுக்குப் பேரு. விலைவாசிக்கு ஏத்த படி வேணும், சம்பளத்தோட சனிக்கிழமை அரை நாள் லீவு வேணும்னு கேட்டாங்க. ஒரே மாசத்துல, ஜூன் 11-ம் தேதி, அவங்க தொழிலுக்கு அந்த அரை நாள் லீவு சட்டமாவே வந்துச்சு. பாரிஸ் தெரு கண்ட பெண்கள்ல எனக்குப் பிடிச்ச ஸ்டைல் இவங்களோடதுதான்.

இன்னொண்ணு, இந்தப் 'பிரெஞ்சுப் பெண்'ங்கறது யாரு? பிரான்ஸ் மக்கள்தொகை சுமார் 6.8 கோடி. பாரிஸ் நகரத்துக்குள்ள இருக்கறது சுமார் 21 லட்சம். நூத்துக்கு மூணு பேர். அந்த மூணுலயும் வசதியான சில பேட்டைகள்ல இருக்கற ஒல்லியான, வெள்ளைத்தோல் பெண்களை மட்டும் படம் புடிச்சு நாடு மொத்தத்துக்கும் சாம்பிள்ங்கறாங்க. இந்த சாம்பிளை வெச்சு எங்க டீம்ல யாராவது ரிப்போர்ட் கொடுத்தா தூக்கிக் கடாசிடுவோம். சின்ன ஊர்ல இருக்கற சாதாரண பிரெஞ்சுப் பெண்கள் வாங்கின கடை கமாயூ மாதிரியானது. ஐந்நூறு கடைக்கு மேல இருந்த அந்தக் கம்பெனி 2022 செப்டம்பர்ல திவாலாகி, சுமார் 2,600 பேருக்கு வேலை போச்சு. பெரும்பாலும் பெண்கள். 2025 நவம்பர்ல பாரிஸ் நகர சபைக்கு எதிர்லேயே இருக்கற பழைய பெரிய கடை ஒண்ணுக்குள்ள ஷீஇன் வந்து உட்கார்ந்தது. வாசல்ல எதிர்ப்புக் கூட்டமும் நின்னுச்சு, வாங்கறதுக்கு க்யூவும் நின்னுச்சு. க்யூவுல நின்ன பெண்களும் பிரெஞ்சுப் பெண்கள்தானே?

'சீவாத முடி' கதையும் இப்படித்தான். அலை அலையான முடியை அப்படியே விட்டா அது ஸ்டைல். சுருட்டை முடியை அப்படியே விட்டா 'ஆபீஸுக்கு இப்படியா வர்றது?' (என் தலையைப் பார்த்தவங்களுக்கு என் கோபம் புரியும்.) 2024 மார்ச்ல, முடியை வெச்சு வேலையில பாகுபாடு காட்டக்கூடாதுன்னு பிரெஞ்சு நாடாளுமன்றத்தோட கீழ்சபை ஒரு மசோதாவை நிறைவேத்துச்சு. கொண்டுவந்தவர் குவாதலூப் தீவு உறுப்பினர் ஒலிவியே செர்வா. குவாதலூப்பும் மார்ட்டினிக்கும் பிரான்ஸோட பகுதிகள். அங்க பெண்களோட பாரம்பரிய உடுப்புல தலைக்கட்டுக்கும் பாவாடைக்கும் கட்டம் போட்ட பருத்தித் துணி. துணியோட பேரு 'மத்ராஸ்'. ஆமாங்க, நம்ம மெட்ராஸேதான், அந்தக் காலத்துல இங்கேர்ந்து கப்பலேறிப் போனது. அவங்களும் பாஸ்போர்ட்படி பிரெஞ்சுப் பெண்கள். ஆனா அந்தப் பத்து ரகசியத்துல அந்தக் கட்டத்துணி வந்து நான் பார்த்ததே இல்லை.

பியேர் பூர்தியூ 1979-லேயே ஒரு தடிமனான புத்தகத்துல இதைப் போட்டு உடைச்சுட்டார். ரசனைங்கறது வானத்துலேர்ந்து குதிக்கறதில்லை, வளர்ந்த வீட்டுலேர்ந்தும் வர்க்கத்துலேர்ந்தும் வருது. அதைப் பிறவிக்குணம்னு காட்டிக்கறதுதான் மேல இருக்கறவங்களுக்கு வசதி. பிறவிக்குணம்னு சொல்லிட்டா கேள்வி கேக்க முடியாது பாருங்க.

அதனால, பிடிச்சிருந்தா தாராளமா பண்ணுங்க. நல்ல துணியா நாலே நாலு வாங்குங்க, டெய்லர்கிட்ட கொடுத்து உடம்புக்கு ஏத்த மாதிரி புடிங்க, கிழியற வரைக்கும் போடுங்க. ஆனா அதை உழைப்புன்னு சொல்லுங்க, காசுன்னு சொல்லுங்க, பழக்கம்னு சொல்லுங்க. காலையில ஆறு மணிக்கு எழுந்து, கூட்டத்துல நசுங்கி ஆபீஸ் போற ஒருத்தி, கண்ணாடியைப் பார்த்து 'எனக்கு மட்டும் ஏன் இது தானா வரலை?'ன்னு நொந்துக்கக் கூடாது. யாருக்குமே அது தானா வரலை.

இனிமே யாராவது 'அது அவங்க ரத்தத்துலேயே இருக்கு'ன்னு ஆரம்பிச்சா, பாட்டில் என்ன விலைன்னு கேளுங்க.

பி.கு: கோடு போட்ட பனியன் என்கிட்டயும் ரெண்டு இருக்கு. கோடு எத்தனைன்னு எண்ணிப் பார்த்தேன், 21 வரலை. கடற்படையில சேர்த்துக்க மாட்டாங்க போல :-)