மௌனம் சம்மதமாகுமா?

'மௌனம் சம்மதம்' என்பது உலக வழக்கு. மணப்பேச்சில் அஃது ஒருவாறு பொருந்தலாம். மென்பொருள் ஆக்கும் தொழிலிலோ அதுவே பல கேடுகட்கு வித்தாகின்றது என்பது எம் கருத்து.

மூலநிரலை இயங்கும் நிரலாக ஆக்கித் தருதற்கெனச் சில கருவிகள் உள. எவ்வகையில் ஆக்குவது, எங்கே வைப்பது, எவ்வுறுப்புகளைச் சேர்ப்பது என்பனவற்றை அக்கருவிகட்கு அமைப்புக் குறிப்பாக எழுதித் தருகின்றோம். ஒன்றனைச் சொல்லாது விடின் கருவி தானே கொள்ளும் மதிப்பு, இயல்பு மதிப்பு எனப்படும். அதுவும் வகுக்கப்படாதிருப்பின் கருவி யாது செய்தல் வேண்டும்?

1976-ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் இயற்றிய 'மேக்' இத்துறைக்கு முன்னோடி. அதன்கண் மதிப்புப் பெறாத மாறி வெறுமையாகவே கொள்ளப்படும். பெயரில் ஓரெழுத்துப் பிழைபடினும் விளைவு அதுவே. ஓர் அடைவின் பெயரைத் தாங்கிய மாறியை முன்வைத்து, 'இதனுள் உள்ளன யாவும் அழிக்க' என ஒரு கட்டளை எழுதப்பட்டுள்ளதாகக் கொள்வோம். மாறி வெறுமையாயின் எஞ்சுவது கணினியின் வேரடைவே! குப்பையைக் கொளுத்தப் புகுந்து வீட்டையே கொளுத்தியவாறாம்.

'சிமேக்' வேறொரு வகையில் இடர் செய்யும். மேக், நின்ஜா என்பவற்றிற்கு அது கோப்பு எழுதுங்கால், ஆக்கவகையை நாம் குறியாவிடின் அது பொதுவாக வெறுமையாகவே நிற்கும். நிரலை விரைவுறச் செய்யும் கட்டளைகள் சேரா. நிரல் பிழையின்றி ஓடும். ஆயினும் மெல்ல ஓடும். அதன் வேகத்தை அளந்த மாணவன், நல்லதொரு கணிப்பு முறையைப் பயனற்றதெனத் தள்ளிவிடவும் கூடும்.

"ஒவ்வொன்றிற்கும் கருவி வினவி நின்றால் வேலை நடவாதே" என்பாரும் உளர். உண்மையே. லினக்ஸ் கெர்னலில் மட்டும் பதினாயிரத்திற்கு மேற்பட்ட தெரிவுகள் உள. ஆயின் 2002-இல் அங்குப் புகுந்த 'கேகான்ஃபிக்' நல்வழி காட்டுகின்றது. இயல்பு கூறப்படாத ஆம்-இல்லைத் தெரிவு 'இல்லை' என்றே கொள்ளப்படும் என அதன் விதிநூல் வெளிப்படக் கூறுகின்றது. வேண்டாதன சேர்ந்து கெர்னல் பருத்தலைத் தடுப்பதே நோக்கம். பழைய அமைப்பைப் புதிய பதிப்பிற்குக் கொணருங்கால், 'ஓல்டுகான்ஃபிக்' புதியன ஒவ்வொன்றையும் வினவும். 'ஓல்டுடெஃப்கான்ஃபிக்' வினவாது இயல்பை ஏற்கும். 'லிஸ்ட்நியூகான்ஃபிக்' புதியவற்றின் பட்டியலைத் தரும். எதனை ஏவுவது என்பது ஆள்வோன் விருப்பம்.

ஆதலின் எம் துணிபு இது: 'வெறுமை' என்று சொல்லுதலும் சொல்லாது விடுதலும் வேறு வேறென்று கருவி அறிதல் வேண்டும். தீங்கு விளையா இடத்தில் இயல்பு மதிப்பைக் கொண்டு, கொண்டதை அறிவிக்க. தீங்கு விளையுமிடத்தில் நின்று வினவுக. குனு மேக், சிமேக் இரண்டிலும் மதிப்பற்ற மாறியைக் கண்டு எச்சரிக்கும் வசதி உண்டு; நாம் கேட்டாலன்றி அது வாய் திறவாது. மாணவ நண்பர்கள் அதனைக் கேட்டுப் பெறும் வழக்கத்தை இன்றே மேற்கொள்வாராக.