பலாலி வீதியில் யாருடைய அதிகாரம்?

இலங்கையின் யாழ்ப்பாணத்தில் 1990இல் அடைத்த பலாலி – வசாவிளான் வீதியை 2025 ஏப்ரல் 10ஆம் தேதி திறந்துவிட்டார்கள், இனி என்ன குறை என்று கேட்கிறார்கள். என்ன குறை என்பதை அந்த வீதியில் ராணுவம் நட்டுவைத்த அறிவிப்புப் பலகையே சொல்லிவிட்டது. திறந்தபோது அதில் இருந்த விதிகள் இவை: காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டுமே போகலாம். இடையில் வண்டியை நிறுத்தக் கூடாது, திருப்பக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. நடந்து போகவே கூடாது.

இந்தக் கடைசி விதியைத்தான் நம்மால் கடந்துபோக முடியவில்லை. வாகனத்தில் போகிறவனை அனுமதித்து, நடக்கிறவனைத் தடுப்பது எதற்காக? வீதியின் இருபுறமும் இருப்பவை ஊர்க்காரர்களின் காணிகள். நடந்து போகிறவர் நிற்பார். தன் வளவு எது, கிணறு இருந்த இடம் எது, பள்ளிக்கூடத்துக்குப் போன ஒழுங்கை எது என்று பார்ப்பார். பக்கத்தில் வருகிறவரிடம் கைநீட்டிக் காட்டுவார். பேருந்து ஜன்னல் வழியாக ஓடுகிற ஓட்டத்தில் பார்ப்பவருக்கு அது முடியாது. காணிக்குச் சொந்தக்காரன் அடையாளம் காண்பதையே தடுக்கும் விதி இது. இதைப் போக்குவரத்து ஒழுங்கு என்று சொன்னால் நாம் ஏற்க முடியாது.

திண்டுக்கல்லில் இருப்பவர்களுக்கு இது தூரத்துச் சேதி அல்ல. தோட்டனூத்து, அடியனூத்து, கோபால்பட்டி முகாம்களில் பல்லாண்டுகளாக ஒடுங்கிக் கிடந்த ஈழத் தமிழ்க் குடும்பங்களுக்காகத் தோட்டனூத்தில் கட்டிய 321 வீடுகளை 2022 செப்டம்பரில் அன்றைய முதலமைச்சர் வந்து திறந்துவைத்தார். அவர்கள் எந்தெந்த ஊர்க்காரர்களாக இருந்தாலும், திரும்பிப் போனால் நிலம் கிடைக்குமா என்ற கேள்வி எல்லோருக்கும் பொது. பலாலி இருக்கும் வலிகாமத்துச் செம்மண்ணில் விளைந்தது வெங்காயமும் புகையிலையும் வாழையும். ஒட்டன்சத்திரம் சந்தையையும் வேடசந்தூர்ப் புகையிலைக் காட்டையும் அறிந்த நமக்கு, அப்படிப்பட்ட மண் முப்பத்தைந்து ஆண்டு விவசாயியின் கைக்கு வராமல் கிடந்தால் ஒரு குடும்பம் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

சொந்த நாட்டில் சொந்த ராணுவம் நிற்பதை ஆக்கிரமிப்பு என்று எப்படிச் சொல்லலாம் என்று சட்டம் பேசுகிறவர்கள் உண்டு. 1907ஆம் ஆண்டின் ஹேக் விதிகளில் 42ஆவது பிரிவைக் காட்டுவார்கள். எதிரிப் படையின் அதிகாரத்துக்குள் உண்மையிலேயே வந்துவிட்ட நிலப்பரப்புதான் ஆக்கிரமிக்கப்பட்ட பகுதி என்கிறது அது. ஏட்டளவில் அவர்கள் சொல்வது சரி. ஆனால் அதே விதிகளின் 46ஆவது பிரிவு, ஆக்கிரமித்த படை தனியார் சொத்தைப் பறிமுதல் செய்யக் கூடாது என்கிறது. எதிரி நாட்டுப் படையிடம் சிக்கியவனுக்குச் சர்வதேசச் சட்டம் தரும் அந்தப் பாதுகாப்புகூடச் சொந்த நாட்டு ராணுவத்திடம் காணியை விட்டுவந்த வலிகாமத்தானுக்குக் கிடைக்கவில்லை. இதைவிடப் பெரிய குற்றச்சாட்டு வேண்டியதில்லை.

வேற்று நாட்டில் படை நிறுத்துவதும் எளிய விஷயமல்ல. ஜப்பானின் நிலப்பரப்பில் 0.6 விழுக்காடே உள்ள ஓகினாவாதான் அங்குள்ள அமெரிக்கத் தளங்களின் நிலப்பரப்பில் 70 விழுக்காட்டைச் சுமக்கிறது. மக்கள் இன்றும் எதிர்க்கிறார்கள். ஆனாலும் அங்கே ஒப்பந்தம் உண்டு, தளத்துக்குள் சிக்கிய நிலத்துக்கு ஜப்பான் அரசு குத்தகைப் பணம் தருகிறது, எதிர்ப்பவர் தேர்தலில் ஜெயித்து ஆளுநராகவும் ஆகிறார்.

இந்த அளவுகோலிலிருந்து இந்தியப் படைக்கும் விலக்குக் கிடையாது. 1987 ஜூலை 29 இந்திய – இலங்கை ஒப்பந்தத்தின்படி, கொழும்பு அரசின் சம்மதத்துடன் போன படை அது. அந்த அக்டோபரிலேயே யாழ்ப்பாணம் போர்க்களமானது. யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் கொல்லப்பட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் உயிரிழந்தார்கள். அரசுகள் போட்ட கையெழுத்து யாழ்ப்பாணத்து வீடுகளைக் காக்கவில்லை என்பதைத் தமிழ்நாடு அன்றே உணர்ந்தது. 1989 ஜூனில் அந்தப் படையை வெளியேறச் சொன்னார் இலங்கை ஜனாதிபதி பிரேமதாச. 1990 மார்ச்சில் கடைசிச் சிப்பாயும் கப்பலேறினார். வேண்டாம் என்று சொன்ன பிறகு படை நிற்கக் கூடாது என்று அன்று வாதாடியது கொழும்பு. அது நியாயமான வாதம். அதே நியாயம் பலாலிக்காரன் கேட்டால் மட்டும் ஏன் செல்லாமல் போகிறது?

கொழும்பில் முடிவெடுப்பவர்களின் பழைய கணக்கையும் பார்ப்போம். போர் 2009 மே மாதம் முடிந்தது. நிர்வாகத்தில் ராணுவத்தின் கையைக் குறைக்க வேண்டும் என்று அவர்களே அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் சொன்னது. அவர்கள் செய்தது வேறு. 2013இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரை நிரந்தரமாகச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டினார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வழக்குப் போட வேண்டியதாயிற்று. பாதுகாப்புக்கு என்று எடுத்த நிலத்தில், காங்கேசன்துறைக் கடலோரம் ராணுவம் விடுதி நடத்தியது. தையிட்டியில் தனியார் காணியில் பௌத்த விகாரை எழுந்தது. 2015இல் காணிகளைத் திருப்பித் தருவோம் என்று ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் ஜெனீவா தீர்மானத்தில் இணைந்து ஒப்புக்கொண்டு, 2020இல் அதிலிருந்து விலகினார்கள். அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்தார்கள். அதற்கும் மக்கள் வீதியில் கிடக்க வேண்டியிருந்தது. முல்லைத்தீவு மாவட்டத்துக் கேப்பாப்பிலவில் பெண்கள் முகாம் வாசலில் இரவுபகலாக உட்கார்ந்தார்கள். இரணைதீவுக்காரர்கள் ஓராண்டு போராடிப் பார்த்துவிட்டு, 2018 ஏப்ரலில் தாங்களே படகேறித் தங்கள் தீவில் இறங்கினார்கள்.

ஆட்சி மாறியது, புத்தி மாறவில்லை. வீதியைத் திறப்பதற்குப் பதின்மூன்று நாள் முன்பு, 2025 மார்ச் 28ஆம் தேதி, வட மாகாணத்தில் ஏறக்குறைய 5,940 ஏக்கருக்கு உரிமை கோருபவர்கள் வந்து நிரூபிக்க வேண்டும் என்று வர்த்தமானி வெளியிட்டார்கள். போரில் காணி உறுதிப் பத்திரத்தை இழந்தவர்களும், தோட்டனூத்திலும் டொரண்டோவிலும் இருப்பவர்களும் எதைக் கொண்டுபோய் நிரூபிப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கவில்லை. எதிர்ப்பு மூண்டு, உச்ச நீதிமன்றம் வரை விஷயம் போன பிறகே ஜூன் மாதத்தில் பின்வாங்கினார்கள். மார்ச்சில் நிலத்துக்குக் குறிவைத்து ஏப்ரலில் வீதியைத் திறந்தவர்களின் நல்லெண்ணத்தை எங்களால் நம்ப முடியவில்லை. உள்ளாட்சித் தேர்தல் மே 6ஆம் தேதி நடந்தது என்பதையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

நேர அளவைக் கூட்டலாம், வேக அளவைத் தளர்த்தலாம், பலகையில் ஒரு வரியை அழிக்கலாம். அதனால் எதுவும் தீராது. விதியை எழுதும் கை ராணுவத்தின் கையாக இருக்கும்வரை அந்த நிலம் ராணுவத்தின் பிடியில்தான் இருக்கிறது. ஆக்கிரமிப்புக்கு அதைவிடத் தெளிவான அடையாளம் எங்களுக்குத் தெரியவில்லை.

2019 அக்டோபரில் பலாலி விமான நிலையத்தை சர்வதேச விமான நிலையமாகத் திறந்ததில் இந்தியாவின் பங்கு உண்டு. சென்னையிலிருந்து போகும் பயணி அந்த மண்ணில் இறங்கி நடக்கிறார். வேலிக்கு அந்தப் பக்கம் நிலம் வைத்திருப்பவருக்கு அந்த உரிமை இல்லை என்பதை டெல்லி அறியும். ஓடுபாதையைப் பற்றிப் பேசத் தெரிந்த டெல்லி காணிகளைப் பற்றியும் பேச வேண்டும். தமிழ்நாட்டின் கட்சிகள் மாநாட்டுத் தீர்மானத்தோடு நின்றுவிடாமல் அதைப் பேசவைக்க வேண்டும். 1990இல் முப்பது வயதில் வசாவிளானை விட்டு வந்தவருக்கு 2025இல் அறுபத்தைந்து வயது. இன்னொரு ஆணைக்குழுவையும் இன்னொரு தேர்தலையும் பார்த்துக் காத்திருக்க அவரால் இயலாது.